வேரெல்லாம் அழுகிய ஆர்க்கிட்: இலை பச்சையாக இருந்தால் கைவிட வேண்டாம்

கேள்வி: தாம்பரம் வாசகி, ஜூன் 9

புதுமனை புகுவிழாவுக்கு வந்த வெள்ளை ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் இது. பூ உதிர்ந்ததும் பால்கனி மூலையில் வைத்தோம், அப்புறம் யாரும் கவனிக்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பரிவோடு அன்றாடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்போது மூன்று இலைகளும் நீளவாக்கில் சுருங்கித் தொங்குகின்றன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஒரு வேர்கூட நல்லதாகத் தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா அக்கா? ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்கட்டுமா?

ஜூன் 9, மாலை

தூக்கிப் போட வேண்டாம். ஊறவைக்கவும் வேண்டாம்.

முதலில் நடுக்குருத்தைப் பாருங்கள். ஃபெலனாப்சிஸுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். மேல் இலைகள் இரண்டும் சேரும் இடத்தில் உள்ளே ஒளிந்திருக்கும். அங்கே பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. கறுத்துக் கொழகொழத்து, இலையை லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டால் நம்பிக்கை மிகக் குறைவு.

குருத்து நன்றாக இருக்கிறதென்றால் வேருக்கு வாருங்கள். ஒவ்வொரு வேரையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நல்ல வேர் அழுத்தத்தைத் தாங்கும். செத்த வேர் உள்ளே காலியாக நசுங்கிப் பழுப்பு நீர் கசியும். இழுத்தால் மேலுறை முழுசாகக் கழன்று வந்துவிடும், உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இருட்டில், தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இடும் பாசிக்குள் வளர்ந்த வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தும் உயிரோடு இருக்கும். விரல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கத்தரியின் அலகை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, நசுங்குவதையெல்லாம் வெட்டுங்கள். அந்த மெல்லிய நரம்புகளில் இரண்டு மூன்றை மட்டும் விட்டுவையுங்கள். நீர் உறிஞ்ச அவை உதவாது. பின்னால் செடியை ஆடாமல் கட்டி நிறுத்த உதவும். இன்றிரவு செடியை வெறும் காகிதத்தின் மேல் நிழலில் படுக்கவைத்துவிடுங்கள். வெட்டிய வாய்கள் காயட்டும்.

ஜூன் 9, இரவு

இன்னொன்று. வெட்டுவதற்கு முன் வேர்க்கட்டின் நடுவில் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை அங்கேயே இருக்கும். சில சமயம் அதைச் சுற்றிச் சின்ன பிளாஸ்டிக் வலைக்கூடையும் இருக்கும். மேலே போட்டிருக்கும் மரப்பட்டை காய்ந்து கிடக்கும்போதுகூட அந்த உருண்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கூடையை வெட்டி எடுங்கள், உருண்டையைப் பிய்த்து எறியுங்கள்.

ஜூன் 11

"இலை தண்ணீரில்லாமல்தானே சுருங்குகிறது, பிறகு ஏன் தண்ணீர் கொடுக்கக் கூடாது?" என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ ஆர்க்கிட்டுகளைக் கொன்ற கேள்வி இது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தொட்டி வறண்டு போனாலும் இலை சுருங்கும். தொட்டி நிறைய ஈரம் இருந்து, அதை எடுக்க வேர் இல்லாமல் போனாலும் இலை அதேபோலத்தான் சுருங்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று. செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார். மிச்சமிருந்த வேரும் போகிறது, இலை மேலும் சுருங்குகிறது, அவர் மேலும் ஊற்றுகிறார்.

ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடியே அல்ல. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் நீட்டி வாழ்வது. அந்த வேரின் மேல் வெலாமன் என்ற உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன உறை அது. காய்ந்திருக்கும்போது வெள்ளிபோல் வெளுத்திருக்கும். மழை பட்டதும் நீரை வாங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். பிறகு காற்று வந்து அதை உலர்த்தும். நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி நடப்பதற்கென்றே அமைந்த வேர் அது. எப்போதும் சொதசொதவென்றிருக்கும் பாசிக்குள் அடைத்தால் காற்று போய்ச் சேராது. வேர் மூச்சு முட்டிச் சாகும், பூஞ்சை அதன் பிறகுதான் உள்ளே நுழையும். பூஞ்சைக்கொல்லியை மட்டும் தெளித்துவிட்டு அதே பாசியில் திரும்ப வைக்கிறவர்களின் செடி பிழைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, வேரில்லாத செடிக்கு நீர் கொடுக்கும் வழியைத் தேட வேண்டாம். இலை வழியாகப் போகும் நீரைத் தடுத்தால் போதும். புது வேருக்கு வேண்டிய சரக்கு இலையிலும் தண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அது தீர்ந்துபோவதற்குள் வேர் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஜூன் 14

செய்முறை. மூடியுள்ள, வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், செடி படுக்கும் அளவுக்கு. ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும் அளவுக்குப் பிழிந்து, அடியில் பரப்புங்கள். அதன் மேல் ஒரு வலைத்தட்டைக் கவிழ்த்து வைத்து, தட்டின் மேல் செடியைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். தண்டின் அடி பாசிக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும், தொடக் கூடாது. ஈரம் காற்று வழியாக வந்தால் போதும். பாசியில் நேராகப் புதைத்தும் சிலர் வெற்றி கண்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வெட்டு வாய் ஈரத்தில் கிடந்தால் அழுகல் மேலே ஏறுகிறது.

வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. இலைக்கு மேல் கையை நீட்டினால் மங்கலான நிழல் விழ வேண்டும். நிழலே விழாத இருட்டில் வைத்தால் இலை தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொள்ளாது. கூர்மையான நிழல் விழுந்தால் டப்பா வெந்துவிடும்.

உரம் வேண்டாம். வேர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம்.

ஜூன் 15

தாம்பரத்தில் நேற்று டப்பாவுக்குள் கையை விட்டால் சுடுகிறது என்று எழுதியிருக்கிறார் வாசகி. அப்படியானால் நேற்று நான் சொன்னதை அவர் ஊருக்குத் தக்கபடி திருத்த வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். இந்த மாதங்களில் எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. வெயில் கடுமையில்லை, ஆனால் இலையிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிற காற்று. இங்கே மூடி வைக்காமல் முடியாது. சென்னைப் பக்கம் ஜூன் என்றால் அனல். 25 முதல் 30 டிகிரி வரையான வெப்பம் வேர் விடுவதற்கு நல்லது. மூடிய டப்பாவுக்குள் 35ஐத் தாண்டினால் வேர் வருவதற்குள் குருத்து அழுகிவிடும். அதனால் அங்கே பகலில் மூடியைத் திறந்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான பக்கம், சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மாலையில் மூடுங்கள். ஏசி ஓடும் அறை வேண்டாம், அது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும்.

ஜூன் 22

பகலில் திறந்து இரவில் மூடுவதென்பது வெப்பத்துக்குப் பயந்து செய்யும் சமாளிப்பு மட்டுமல்ல. செடியின் இயல்புக்கே அதுதான் பொருத்தம்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அந்த நேரத்தில் நீரையும் இழக்கின்றன. ஃபெலனாப்சிஸ் பகலில் துளைகளை அடைத்துக்கொள்ளும். இரவில் திறந்து, வாயுவை எடுத்து, அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதிலிருந்து சர்க்கரை செய்யும். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இதே வழிக்காரர்கள்தான்.

இந்த வேலையின் முதல் தடயங்களில் ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவரங்களை ஆராய்ந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. இதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார், 1815இல் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதை அவர் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அதன் காரணம் தெரிய இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. இலையைத் தரையில் போட்டாலே ஓரமெல்லாம் குட்டி முளைக்கும் அந்த ரணகள்ளி பலர் வீட்டுக் கொல்லையில் இருக்கும். விடிந்ததும் ஒரு துண்டும் பிற்பகலில் ஒரு துண்டும் கிள்ளி நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள், விழுங்க வேண்டாம்.

நம் விஷயத்துக்கு இதனால் வரும் பயன்: ஃபெலனாப்சிஸ் நீரை இழப்பது பெரும்பாலும் இரவில். நண்பகலில் இலைமேல் தெளிப்பானால் நீர் அடிப்பது கண்ணுக்கு ஆறுதல், செடிக்கு ஒன்றுமில்லை. குருத்தில் தங்கினால் தீமையும்கூட. சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டிய நேரம் இரவுதான்.

ஜூன் 23

மதுரையில் தாவரவியல் கற்பிக்கும் ஒருவர் நேற்றைய குறிப்பில் ஒரு நுட்பத்தைச் சேர்த்திருக்கிறார். கடும் வறட்சியில் சிக்கிய செடி இரவிலும் துளைகளைத் திறப்பதில்லையாம். தான் மூச்சுவிட்ட வாயுவையே உள்ளுக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, வளராமல், சாகாமல் நாளைக் கடத்தும். வேரில்லாத ஃபெலனாப்சிஸ் மாதக்கணக்கில் அப்படியே இருப்பதன் இரகசியம் இதுதான் என்கிறார்.

சரியாகச் சொன்னார். நேற்று நான் எழுதியது நலமான செடியின் வழக்கம். சுருங்கிய செடி பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பூட்டிய நிலையில் புது வேர் வராது. இரவுக் காற்று ஈரமாக இருந்தால்தான் அதற்குத் திறக்கத் துணிவு வரும். அதனால் சொன்ன வழி அப்படியே நிற்கிறது, காரணம்தான் இன்னும் ஆழமாகியிருக்கிறது.

ஜூலை 6

சர்க்கரைத் தண்ணீர், இலவங்கப்பட்டைத் தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு, பனிக்கட்டி. இந்த நான்கையும் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டன.

சர்க்கரைத் தண்ணீரை நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசியை விட நுண்ணியது, தன்னோடு உணவு எதுவும் எடுத்துவருவதில்லை. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்ஸன் என்ற அமெரிக்கர், கிருமி நீக்கிய குடுவையில் சர்க்கரை சேர்த்த கூழில் பூஞ்சையின் துணையில்லாமலே விதையை முளைக்கவைத்துக் காட்டினார். இன்று நாம் வாங்கும் கலப்பினங்களும் குடுவையில், சர்க்கரைக் கூழில் வளர்ந்தவைதான். ஆனால் அந்தக் குடுவைக்குள் வேறு உயிர் எதுவும் இல்லை. உங்கள் பால்கனியில் சர்க்கரையை முதலில் உண்பவை எறும்பும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். வெட்டு வாயுள்ள தண்டை அதில் ஊறவைப்பது அழுகலுக்குச் சோறு போடுவது.

இலவங்கப்பட்டைத் தூள் உலர்த்தும் பொருள். இலை வெட்டிய காயத்தில் ஒரு சிட்டிகை தடவலாம். உயிருள்ள வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். முளை வரவேண்டிய தண்டின் அடியில் கொட்டவே கூடாது. பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் தோன்றும். அது கெட்ட திசுவையும் நல்ல திசுவையும் பிரித்துப் பார்க்காது. பனிக்கட்டி வேருள்ள செடிக்கு அளவாகத் தண்ணீர் விடும் ஒரு முறை, இங்கே அதற்கு இடமில்லை.

வேர் ஊக்கி பற்றி ஒன்று சொல்லலாம். கடற்பாசிச் சாறு பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், மிக நீர்த்த கரைசலில் தண்டின் அடியைத் துடைத்துவிடுவேன். மண்டபம், இராமேசுவரம் கரையோரம் பெண்கள் குழுக்களாகக் கடலில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து எடுக்கும் சாறு உழவுக் கடைகளில் திரவ உரமாகவே கிடைக்கிறது. அதனால்தான் வேர் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, கெடுதல் எதையும் பார்த்ததில்லை. நாப்தலின் அசிட்டிக் அமிலம் கலந்த ஊக்கிகளையும் சிலர் தடவுகிறார்கள். அளவு மிஞ்சினால் வேர் குட்டையாகத் தடித்து நின்றுவிடும்.

ஜூலை 29

"அடி இலை மஞ்சளாகிவிட்டது. வெட்டிவிடட்டுமா?" இது தாம்பரத்துக் கேள்வி.

வெட்டாதீர்கள். அடி இலை தன்னிடம் உள்ள நீரையும் சத்தையும் மேலே அனுப்பிவிட்டுத்தான் மஞ்சளாகிறது. முழுக்கக் காய்ந்து, தானாகக் கழன்று வரட்டும். மஞ்சள் மெதுவாக, நுனியிலிருந்தோ முழு இலையிலுமோ பரவினால் கவலை இல்லை. அடியில், தண்டை ஒட்டிய இடத்தில் ஈரக் கறுப்பாகத் தொடங்கி வேகமாகப் பரவினால் அது அழுகல். அதை மட்டும் நல்ல திசு தெரியும்வரை வெட்டிக் காயவிட வேண்டும்.

இந்தப் பருவத்தில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். டப்பாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று பாசியை மாற்றுவது, இடத்தை மாற்றுவது, ஏதாவது ஒன்றைத் தெளிப்பது. ஓர் அலுவலக வரவேற்பறையில் குப்பைக்குப் போகவிருந்த ஃபெலனாப்சிஸ் ஒன்றை நான் கேட்டு வாங்கிவந்தேன். இரண்டே இலை, வேர் சுத்தமாக இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க எந்த மாற்றமும் காட்டாமல் கிடந்தது. அடுத்த கோடைக்கு முன்னால் வேர் விட்டது. இன்று அதன் இலை என் முழங்கை நீளம். வேரில்லாத செடியின் கால அளவு மாதங்கள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலை இன்னும் சுருங்காமல் நின்றாலே முன்னேற்றம்தான்.

ஜூலை 30

நடுக்குருத்து போய்விட்டால் எல்லாம் முடிந்ததா என்று ஒருவர் கேட்கிறார். எப்போதும் அப்படியல்ல. தண்டின் அடி கெட்டியாக, ஓர் இலையாவது நலமாக இருந்தால் பக்கத்திலிருந்து ஒரு குட்டிச்செடி கிளம்புவதுண்டு. அரிது, ஆனால் பார்த்திருக்கிறேன். குருத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

குருத்து போவதற்கு முக்கியக் காரணம் அதில் தேங்கும் தண்ணீர். காட்டில் இந்தச் செடி மரத்தின் பக்கவாட்டில் இலையைத் தொங்கவிட்டு வளர்கிறது, எவ்வளவு மழை பெய்தாலும் குருத்தில் நீர் நிற்காது. நாம்தான் தொட்டியில் நேராக நிமிர்த்தி வைக்கிறோம். டப்பாவில் பக்கவாட்டில் படுக்கவைக்கச் சொன்னதும் இதனால்தான்.

ஆகஸ்ட் 18

தாம்பரத்திலிருந்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வந்துவிட்டது!

இரண்டாம் இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றிக் கவ்வியிருக்கும் இடத்தில் ஒரு கொப்புளம் தெரிகிறது. இலையுறை அங்கே நீளவாக்கில் கிழிந்திருக்கிறது. கிழிசலின் நடுவே அரிசி முனையளவுக்குப் பளபளப்பான பச்சை நுனி, விளிம்பில் மட்டும் லேசான செம்மை. வேர்தான், சந்தேகமே வேண்டாம். வெள்ளைப் பூ இனங்களில் நுனி இப்படிப் பச்சையாக இருக்கும். கருஞ்சிவப்புப் பூ இனங்களில் நுனியும் பலநேரம் கத்தரிப்பூ நிறத்தில் வரும். நுனி நீள நீள, பின்னால் விடும் பகுதி வெள்ளி நிறமாக மாறும்.

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கிழிசலை அகலப்படுத்தி உதவ நினைக்க வேண்டாம். அந்த நுனி நசுங்கினால் வேர் அங்கேயே நின்றுவிடும், திரும்ப எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. டப்பாவைத் தூக்கும்போதும் அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும்.

எனக்கு இன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 20

நாகர்கோவில் அன்பர் ஒருவர் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டுக்கும் இதே வழியா என்று கேட்கிறார். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டுகளாக நிற்கிறதாம்.

அதன் வழக்கம் வேறு. டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு நீரையும் சத்தையும் சேர்த்துவைக்கும் கிடங்கு. இலையில்லாத தண்டு செத்த தண்டு அல்ல. பச்சையாகவோ மஞ்சள் கலந்தோ, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் வெட்டாதீர்கள். கணுவிலிருந்தோ அடியிலிருந்தோ புதுத் துளிர் வரும், அந்தத் துளிர்தான் தனக்கான வேரை விடும். பழைய தண்டு வேர் விடக் காத்திருப்பது வீண். அதனால் அங்கே டப்பா தேவையில்லை. கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட சின்னத் தொட்டியில் ஆடாமல் கட்டி, கிழக்கு வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் ஊர்க் காற்றில் இயல்பாகவே ஈரம் இருக்கிறது, நல்ல வாய்ப்பு.

செப்டம்பர் 14

தாம்பரத்துச் செடியில் இப்போது மூன்று வேர்கள், நீளமானது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. தொட்டிக்கு மாற்ற இதுதான் நேரம். இன்னும் நீளவிட்டால் வேர் வலைத்தட்டைப் பற்றிக்கொள்ளும், அப்புறம் பிரித்தால் முறியும்.

சின்னத் தொட்டி போதும், பக்கவாட்டில் துளைகள் வேண்டும், வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் மேலும் நல்லது. இந்த வேர்களிலும் பச்சையம் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் வேரும் உணவு செய்யும். உள்ளே நிறம் மாறுவதும் வெளியிலிருந்தே தெரியும். தேங்காய் மட்டைத் துண்டு போடுவதென்றால் பல முறை நீர் மாற்றி ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். கடற்கரைப் பக்கத்து மட்டையில் உப்பு கூடுதலாகவே இருக்கும். பாதி மட்டை, பாதி கரி. அன்று விட்டுவைக்கச் சொன்ன நரம்புகளை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிச் செடியை நிறுத்துங்கள். ஆடுகிற செடியின் வேர் நுனி ஒவ்வோர் அசைவிலும் தேயும்.

டப்பாவிலிருந்து எடுத்ததும் நேராக வெளிக் காற்றில் வைக்காதீர்கள். முதலில் இரவில் மட்டும் தளர்வாக ஒரு பாலித்தீன் பையால் கவிழ்த்து மூடுங்கள். பிறகு பையில் துளைகள் போடுங்கள். பிறகு எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் எப்போது விடுவது? வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பியதும் விடுங்கள், பச்சையாக இருக்கும்வரை விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு இளம் நுனிகளைக் கருக்கிவிடும். காய்ச்சினாலும் உப்பு முழுதும் போகாது. வடிகட்டிய குடிநீரோ மழைநீரோ விடலாம். உரம் இனிமேல் தரலாம்: தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம். அதற்கு மேல் வேண்டாம்.

அக்டோபர் 20

மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் வாளிகளை வையுங்கள், வருடத்துக்கே வேண்டிய நல்ல தண்ணீர் இப்போதுதான் இறங்குகிறது. முதல் மழையின் தூசி கழுவிப் போகட்டும், அடுத்ததைப் பிடியுங்கள்.

ஒருவர் தன் ஊர் மாமரத்தில் "ஏதோ புல்லுருவி" தொற்றியிருக்கிறது, வெட்டிவிடப் போகிறேன் என்று படம் அனுப்பியிருந்தார். ஐயா, வெட்டாதீர்கள். அது வாண்டா டெஸ்ஸலேட்டா, நம் சமவெளியிலேயே வளரும் ஆர்க்கிட். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட் மரத்தின் மேல் உட்கார மட்டும் செய்கிறது, உணவுக்கு மழையும் காற்றும் வெளிச்சமும் போதும். பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டிய இதழும், நடுவில் நீல ஊதா உதடுமாகப் பூக்கும். பூத்ததும் பக்கத்தில் போய் முகர்ந்து பாருங்கள்.

கடும் கோடையில் வறண்ட காட்டில், மரப்பட்டையில் வெறும் வேரோடு அந்தச் செடி தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, ஆர்க்கிட் எவ்வளவு தாங்கும் என்பது புரியும். இதைச் சொன்னதும் காட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். கூடாது. அகத்தியமலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாஃபியோபெடிலம் ட்ருரி என்ற மஞ்சள் பூ ஆர்க்கிட் 1865இல் கண்டறியப்பட்டது. பிறகு நெடுங்காலம் கண்ணில் படாமல், அழிந்தே போனது என்று எண்ணப்பட்டு, 1972இல்தான் மீண்டும் காணக் கிடைத்தது. அப்புறமும் சேகரிக்கிறவர்கள் அதை விடவில்லை. காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டுக்குப் போங்கள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது.

தாம்பரம் வாசகிக்கு: மழை தொடரும் நாட்களில் தண்ணீரே விட வேண்டாம். செடியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள், காற்று மட்டும் ஓடட்டும்.

டிசம்பர் 5

புது இலை பாதி விரிந்துவிட்டதாம். அதோடு இலையிடுக்கிலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கிறதாம், வேரா பூந்தண்டா என்று கேட்கிறார்.

நுனியைப் பாருங்கள். வேரின் நுனி உருண்டு, மழுங்கி, பளபளப்பாக இருக்கும். பூந்தண்டின் நுனி ஒருபக்கமாகத் தட்டையாகி, அதில் ஒரு சின்ன மடிப்பு, பிளவுபோல் தெரியும். வேர் எந்தப் பக்கமும் வளையும், பூந்தண்டு வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும். சென்னையில் இந்த மாதத்து இரவுகள் குளிர்வதால் பூந்தண்டாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஃபெலனாப்சிஸ் பூக்கத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், கோடையில் அது கிடைக்காது.

டிசம்பர் 6

பூந்தண்டுதான். படம் வந்துவிட்டது. வெட்டிவிடுங்கள் என்றேன். மனம் வரவில்லை என்கிறார், "இவ்வளவு பாடுபட்டு வந்த பூவை எப்படி அக்கா வெட்டுவது?"

வெட்டத்தான் வேண்டும். நல்ல இலை இரண்டும் பாதி இலை ஒன்றும் உள்ள செடி, மூன்று நான்கு மாதம் பூவைத் தாங்கினால் இருக்கிற சேமிப்பு முழுதும் அதற்கே போய்விடும். கோடை தொடங்கும்போது இலை மீண்டும் சுருங்கும், வேர் நீளாது. நலிந்த செடி பூப்பதைப் பார்த்து மகிழ்ந்து, அதே ஆண்டில் அதை இழந்தவர்கள் எனக்குப் பலர் தெரியும். நன்கு வளர்ந்த இலை குறைந்தது நான்கு இருக்கட்டும், தொட்டிச் சுவர் தெரியாத அளவுக்கு வேர் பரவட்டும். அடுத்த குளிர்காலத்தில் பூக்கட்டும்.

கத்தரியை நெருப்பில் காட்டி, அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். இலவங்கப்பட்டைத் தூளுக்கு இப்போது வேலை இருக்கிறது, வெட்டிய முனையில் மட்டும் ஒரு சிட்டிகை. பக்கத்து வேரில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.